ஆங்கோவின் மன்வார்: முற்றத்தில் நின்று படிக்க வேண்டிய வீடு

கேள்வி: பிரான்சில் சில பழைய வீடுகளை ‘ஷாத்தோ’ என்கிறார்கள், சிலவற்றை ‘மன்வார்’ என்கிறார்கள். என்ன வேறுபாடு? நார்மண்டியில் தியெப் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆங்கோ மன்வாரின் வரலாறு என்ன, அது எப்படிக் கட்டப்பட்டது? இப்படிப்பட்ட கட்டடங்களில் எவை பழுதாகின்றன, அவற்றை எப்படிச் சரிசெய்ய வேண்டும்?

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். பெரியது ஷாத்தோ, சிறியது மன்வார் என்றுதான் பலரும் சொல்வார்கள். அந்தக் கணக்கு பாதி இடங்களில் பொய்த்துப்போகும். ‘மன்வார்’ என்ற சொல் ‘தங்கு’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. மன்னரிடமோ மேல்பிரபுவிடமோ பெற்ற ஆட்சிநிலத்துக்குப் பிரெஞ்சில் ‘ஃபியெஃப்’ என்று பெயர். அந்த நிலத்தை உடையவர் தங்கிய இடம், குத்தகைக்காரர்கள் தானியமும் பணமும் கொண்டுவந்து கட்டிய இடம், சில ஊர்களில் சின்ன வழக்குகள் விசாரிக்கப்பட்ட இடம், இதுதான் மன்வார். ஷாத்தோவுக்கு அடிப்படை வேறு. பெருங்கோபுரம், கொத்தளம், தூக்குப்பாலம் போன்ற அரண்களைக் கட்ட மேல்பிரபுவின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி உள்ளவர் கட்டியது ஷாத்தோ. நார்மண்டியிலேயே கூப்பசார்த் என்ற மரச்சட்ட மன்வாரைச் சுற்றி அகழி இருக்கிறது. அதைக் கண்டு கோட்டை என்று எண்ணிவிடக் கூடாது. ஈரநிலத்தில் நீர் வடியவும், மீன் வளர்க்கவும், திருடன் உள்ளே வராமல் தடுக்கவும் அப்படி அகழி வெட்டிக்கொள்வது வழக்கம்தான்.

நிலத்தோடு வீடு எவ்வளவு இறுகப் பிணைந்திருந்தது என்பதைச் சொத்துப் பிரிக்கும் விதியில் பார்க்கலாம். பாரிஸ் வட்டார வழக்காற்றுச் சட்டப்படி பிரபுவின் மூத்த மகனுக்கு மன்வார் முழுதாகப் போகும். அதைச் சுற்றி ஏறக்குறைய ஓர் ஆர்ப்பான் (பழைய பிரெஞ்சு நில அளவு) நிலமும் கூடவே போகும். அந்த நிலத்துக்குப் பெயர் ‘சேவல் பறக்கும் தூரம்’. வீட்டை நிலத்திலிருந்து பிரித்துத் தனியாகப் பங்குபோடவே முடியாது. ஆங்கோ மன்வார் இருக்கும் நார்மண்டியின் கோ வட்டாரத்தில் மூத்தவனுக்கான உரிமை இதைவிடக் கெட்டியானது. அதனால்தான் அங்கே பல மன்வார்கள் துண்டாகாமல் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

இன்னொரு எச்சரிக்கை. இன்றைக்கு விடுதிக்காரர்களும் வீட்டுத் தரகர்களும் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய எந்தப் பெரிய வீட்டுக்கும் ‘மன்வார்’ என்று பெயர் வைக்கிறார்கள். கடலோர ஊர்களில் நார்மன் பாணியில் எழுந்த கோடை வீடுகள் இந்த வகை. முகப்பு மரங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். பழைய வீட்டில் மரச்சட்டம்தான் சுமையைத் தாங்கும். கோடரியால் செதுக்கிய தடம் இருக்கும். இணைப்புகளில் மர முளை அடித்திருக்கும். போலியில் அறுத்த பலகையைச் செங்கல் சுவர்மேல் ஆணியால் அறைந்திருப்பார்கள், அல்லது சிமெண்டில் மரம்போல் வார்த்து வண்ணம் தீட்டியிருப்பார்கள்.

இனி ஆங்கோவுக்கு வருவோம். சேன்-மரித்தீம் மாவட்டத்தில், தியெப்புக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் வராங்ஷ்வில்-சூர்-மேர் என்ற கடலோர ஊர். அங்கே 1530 வாக்கில் தொடங்கி 1545 வாக்கில் முடிந்த கட்டடம் இது. கட்டியவர் ழான் ஆங்கோ, தியெப்பின் கப்பல் முதலாளி. பரம்பரைப் பிரபு அல்ல. கடல் வணிகத்தில் பணம் சேர்த்தவர். வட அமெரிக்கக் கரையை ஆராய்ந்த வெரசானோவின் பயணங்களில் பணம் போட்டவர்களுள் ஒருவர். 1529இல் பர்மாந்தியே சகோதரர்கள் பான்ஸே, சாக்ர் என்ற இரண்டு கப்பல்களில் சுமத்ரா வரை போனது ஆங்கோவின் செலவில்தான். சகோதரர்கள் இருவரும் அங்கேயே இறந்தார்கள். கப்பல்கள் மட்டும் திரும்பின.

வணிகம் ஒரு கை என்றால் மறு கை, மன்னர் அனுமதியோடு நடந்த கடற்கொள்ளை. எர்னான் கோர்த்தேஸ் மெக்சிகோவிலிருந்து ஸ்பெயினுக்கு அனுப்பிய அஸ்டெக் செல்வத்தை 1520களின் தொடக்கத்தில் வழிமறித்துப் பிடித்த ழான் ஃப்ளரி, ஆங்கோவின் கப்பல் தலைவர்களில் ஒருவர். கிழக்கிலிருந்து மிளகும் வாசனைப் பொருளும் ஏற்றி லிஸ்பனுக்குத் திரும்பிய போர்த்துக்கீசியக் கப்பல்களும் இவருடைய ஆட்களிடம் சிக்கின. போர்த்துக்கல் மன்னர் தூதர்களை அனுப்பிப் பேச்சு நடத்த வேண்டியிருந்தது, ஒரு வணிகரால்!

முதலாம் பிரான்சுவா மன்னருக்கு இவர்மேல் நல்ல மதிப்பு. தியெப்பின் ஆளுநர் பொறுப்பும் கிடைத்தது. ஆனால் மன்னரின் கடற்படைக்காக ஆங்கோ செலவழித்த பெருந்தொகை திரும்பி வரவில்லை. 1547இல் மன்னர் இறந்ததும் பாதுகாப்பு போயிற்று; பழைய பங்காளிகள் வழக்குப் போட்டார்கள். கடனில் மூழ்கி 1551இல் இறந்தார். வீடு முடிந்து அவர் அனுபவித்தது ஆறேழு ஆண்டுதான்.

இந்த வரலாறு கட்டடத்தில் அப்படியே தெரிகிறது. பழைய பிரபு குடும்பத்துக்குத் தன் தகுதியை யாருக்கும் நிரூபிக்க வேண்டிய தேவை இல்லை. புதுப் பணக்காரருக்கு உண்டு. ஆகவே இவர் இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்தார்: நார்மன் பண்ணையின் பழைய அமைப்பு, அதன்மேல் இத்தாலிய அலங்காரம். எது எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வீட்டைப் படிக்கும் முறை. என் கணிப்பில், உள்ளறைகளைவிட முற்றத்தில் செலவிடும் நேரமே அதிகம் கற்றுத்தரும்.

முற்றம் நான்கு பக்கமும் கட்டடங்களால் அடைபட்டது. வெளியிலிருந்து வருபவருக்குச் சுவர்தான் தெரியும். வாயிலைக் கடந்த பிறகே வீடு முகம் காட்டும். நான்கு பக்கமும் மாளிகை இல்லை. ஒரு பக்கம் உரிமையாளர் குடியிருப்பு. மற்றவை களஞ்சியம், தொழுவம், வேலையாட்கள் இடம். கோ வட்டாரத்தில் சாதாரண உழவர்களின் பண்ணைகளும் அடைபட்டவைதான். மண்மேடு எழுப்பி, அதன்மேல் பீச் மரங்களை நெருக்கி நட்டு, உள்ளே வீட்டையும் பழத்தோட்டத்தையும் வைத்துக்கொள்வார்கள். கடற்காற்று மேட்டுநிலத்தில் தடையில்லாமல் வீசுகிற ஊர் அது. ஆங்கோவின் முற்றம் அதே தேவையைக் கல்லில் தீர்த்திருக்கிறது.

குடியிருப்புப் பகுதியின் கீழ்த்தளத்தில், முற்றத்தைப் பார்த்தபடி, தூண்களின்மேல் வில்வளைவுகள் வரிசையாக அமைந்த திறந்த தாழ்வாரம் இருக்கிறது. இத்தாலியர் இதை ‘லோஜ்ஜியா’ என்பார்கள். இத்தாலியில் அது வெயிலுக்கு ஒதுங்கும் இடம். நார்மண்டியில் வெயில் ஒரு தொல்லையே அல்ல; இங்கே அது வந்தவர் கண்ணில் படுவதற்காகக் கட்டியது. சுவரில் பதித்த வட்டப் பதக்கங்களில் செதுக்கிய முகங்களை முதலாம் பிரான்சுவா என்றும் அரசவைப் பெருமாட்டி தியான் தெ ப்வாத்தியே என்றும் வழக்கமாக அடையாளம் சொல்வார்கள். வில்வளைவு, தூண்தலை, பதக்கம் ஆகிய இம்மூன்றையும் கையால் மூடிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது முழுக்க நார்மன் கட்டடம்தான்: செங்குத்தான கூரை, உயர்ந்த புகைபோக்கிகள், படிக்கட்டுக்கு ஒரு கோபுரம்.

மன்வார்களின் குடியிருப்பு பொதுவாக எளிய தர்க்கம் உடையது. கீழே பெரிய கூடம். வாடகை வாங்குவதும் விருந்தும் அங்கே. மேலே உரிமையாளரின் அறை. இரண்டையும் இணைக்கும் சுழற்படியை அறைக்குள் வைத்தால் இடம் போகும், உத்தரங்களை வெட்ட வேண்டிவரும். அதனால் சுவருக்கு வெளியே தனிக் கோபுரத்தில் வைத்தார்கள். ஜன்னல்களைக் கல்லில் நட்ட குறுக்கும் நெடுக்குமான சட்டம் நான்காகப் பிரிக்கும். பல வீடுகளில் இந்தக் கற்சட்டம் இன்று இல்லை. 1798 முதல் 1926 வரை பிரான்சில் கதவு, ஜன்னல்களின் எண்ணிக்கைக்கு வரி இருந்தது. பலர் ஜன்னல்களை அடைத்தார்கள். சுவரில் அடைத்த தடத்தைக் கண்டால் அது கட்டியவர் போட்ட பொய் ஜன்னலா, வரிக்குப் பயந்து பின்னால் அடைத்ததா என்று பார்க்க வேண்டும். ஓரக்கல்லில் கதவுக் கீல் பொருத்திய துளை இருந்தால் அது ஒருகாலத்தில் திறந்து மூடிய ஜன்னல்.

சுவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழுதுகளில் பெரும்பங்கு அங்கேதான் தொடங்குகிறது. கோ வட்டாரம் ஒரு வெண்சுண்ணப் பீடபூமி. கடற்கரையில் அது செங்குத்துப் பாறையாக வெட்டுப்பட்டு நிற்கும். அந்த வெள்ளைப் பாறையில் கறுப்புக் கோடுகளாகச் சிக்கிமுக்கிக்கல் முண்டுகள் வரிசையாக இருப்பதைத் தூரத்திலிருந்தே காணலாம். உழுத வயலிலும் அதே கல் கிடக்கும். வராங்ஷ்வில் பக்கத்தில் மட்டும் சுண்ணப்பாறைக்கு மேலே பிற்கால மணற்கல் படிவம் கொஞ்சம் எஞ்சியிருக்கிறது. ஆக மூன்று கட்டுப்பொருள்கள்: வயலிலும் பாறையிலும் கிடைக்கும் சிக்கிமுக்கி, அருகில் வெட்டிய மணற்கல், சூளையில் சுட்ட செங்கல். ஆங்கோவின் கொத்தர்கள் மூன்றையும் நிறத்துக்காகக் கலந்து கோலம்போல் அடுக்கினார்கள்.

சிக்கிமுக்கிக்கல் மிகக் கடினமானது. மழையோ உறைபனியோ அதை ஒன்றும் செய்யாது. ஆனால் கொத்தனுக்கு அது மிகவும் சிரமமான கல். காரணம் மூன்று. முதலாவது, அது தண்ணீரை உறிஞ்சாது. செங்கல்லோ சுண்ணக்கல்லோ காரையின் ஈரத்தை இழுத்துப் பற்றிக்கொள்ளும். சிக்கிமுக்கியின் கண்ணாடி முகத்தில் காரை வெறுமனே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஈரம் வெளியேற வழி காரை மட்டும்தான், அதனால் மெதுவாக இறுகும். ஒரே நாளில் உயரமாகக் கட்டினால் கீழ் வரிசை நசுங்கி வெளியே பிதுங்கிவிடும். அரை மீட்டருக்குள் நிறுத்திக்கொண்டு, இறுகிய பிறகு அடுத்த நாள் மேலே போவதுதான் பாதுகாப்பு. இரண்டாவது, முண்டாக இருக்கும் கல்லில் நேர் மூலை வராது. மூலைகளுக்கும் ஜன்னல் ஓரங்களுக்கும் செங்கல்லோ வெட்டிய மணற்கல்லோ வேண்டும், அது செலவு. மூன்றாவது, ஒவ்வொரு கல்லும் சிறியது. சுவரின் தடிமனுக்குள் ஆழமாகப் போகாது. வெளிமுகம் ஒரு தோல், உள்முகம் ஒரு தோல், நடுவில் உடைகல்லும் காரையும். இந்த இரண்டு தோலையும் பிணைப்பதற்காகத்தான் குறிப்பிட்ட உயரத்துக்கு ஒருமுறை செங்கல் அல்லது மணற்கல் பட்டை சுவரின் முழுத் தடிமனுக்கும் ஓடும். பார்ப்பவர் அதை அலங்காரக் கோடு என்று நினைப்பார். உண்மையில் அது கட்டுக்கயிறு.

கடற்கரைக் கூழாங்கல்லைக் கட்டுமானத்துக்கு எடுப்பதில் ஒரு கேடு உண்டு. அலை தேய்த்த வழவழப்பில் காரை பிடிக்காது. கூடவே உப்பும் வந்து சேரும். வயல் கல்லை உடைத்து, உடைந்த கறுப்பு முகத்தை வெளியே வைத்து, சொரசொரப்பான வெள்ளை மேலோட்டைக் காரைக்குள் புதைப்பதுதான் சரியான முறை. பளபளப்பும் கிடைக்கும், பிடிப்பும் கிடைக்கும்.

முற்றத்தில் நிற்கும் புறா மாடம்தான் இந்த வீட்டின் உச்சம். பிரெஞ்சில் ‘கொலொம்பியே’. வட்ட வடிவம், மேலே குமிழ்போல் வளைந்து கூர்ந்து முடியும் குவிமாடம். அப்படிப்பட்ட கூரை நார்மண்டிக்கு அந்நியமானது. பார்த்தவுடன் கிழக்கத்திய நினைவு வரும். சுவரில் கீழிருந்து மேல் வரை கட்டம், சாய்சதுரம், நெளிகோடு என்று செங்கல்லின் சிவப்பு, சிக்கிமுக்கியின் கறுப்பு, மணற்கல்லின் வெளிறிய நிறம் மாறி மாறி ஓடுகின்றன. உள்ளே சுமார் 1600 மாடக்குழிகள். ஒரு குழி ஒரு ஜோடிக்கு. அப்படியானால் 3200 புறாக்களுக்கு இடம்.

இவ்வளவு செலவு புறாவுக்கு ஏன்? உணவுக்காக மட்டும் இல்லை. நார்மண்டியின் வழக்காற்றுச் சட்டத்தில் தரையிலிருந்து எழும் புறா மாடத்தைக் கட்டும் உரிமை ஃபியெஃப் உடையவருக்கு மட்டும்தான், அதுவும் ஒரு ஃபியெஃபுக்கு ஒன்றுதான். நிலம் பங்குபோடப்பட்டாலும் மாடம் பெருகாது. ஆகவே புறா மாடம் வைத்திருப்பவர் யார் என்பதைத் தூரத்து ஊர்க்காரரும் அறிவார். கப்பல் முதலாளியாக இருந்து பிரபு நிலைக்கு வந்த ஒருவர் தன் பணத்தை எங்கே கொட்டியிருப்பார் என்று யோசித்தால், இந்தச் சுவரின் கோலங்களுக்குக் காரணம் புரியும். மறுபக்கம் கசப்பானது. 3000 புறாக்கள் மேய்வது உழவர்களின் விதைப்பில். அவற்றைக் கொல்லும் உரிமை உழவர்களுக்கு இல்லை. 1789இல் நாடெங்கும் எழுதப்பட்ட குறைப் பட்டியல்களில் புறா மாடம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு பிரபுக்களின் சலுகைகள் ஒழிக்கப்பட்டபோது, இந்த உரிமையும் ஒழிக்கப்பட்டது. ஊர் குறிப்பிடும் காலங்களில் புறாக்களை அடைத்து வைக்க வேண்டும், வெளியே திரிந்தால் தன் நிலத்தில் யாரும் சுடலாம் என்று தீர்மானம் வந்தது.

நார்மன் புறா மாடத்தின் உள் இயக்கம் கவனித்துப் பார்க்கத் தக்கது. ஒரு ஜோடி ஒரு முறைக்கு இரண்டு முட்டை இடும். 17, 18 நாளில் பொரிக்கும். குஞ்சுகளை நான்கு வாரமளவில், பறக்கத் தொடங்குமுன் எடுக்க வேண்டும். அப்போதுதான் இறைச்சி மென்மையாக இருக்கும். பல நூறு குழிகளைத் தினமும் பார்க்க ஏணியை நகர்த்தி நகர்த்தி வைத்தால் நாள் போதாது. அதனால் நடுவில் ஒரு தூண், மேலும் கீழும் சுழல்முனையில் நிற்கும். அதிலிருந்து நீளும் கைகளில் ஏணி கட்டியிருக்கும். ஏறி நின்றபடி சுவரைத் தள்ளினால் ஏணி சுற்றி வரும். இறங்காமலே ஒரு வட்டம் முழுதும் முடித்துவிடலாம். மாடம் வட்டமாக இருப்பதற்கு இந்த ஏணி ஒரு காரணம். எலியும் மரநாயும் பற்றி ஏற மூலை இல்லை என்பது இன்னொன்று. சிக்கிமுக்கி நாட்டில் மூலைக்கல் செலவு மிச்சம் என்பதும் உண்டு. வெளிச்சுவரின் நடுவில் சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் கல் வளையமும் அழகுக்கு மட்டும் இல்லை. கீழிருந்து ஏறும் எலி அந்த விளிம்பில் தலைகீழாகத் தொங்க முடியாமல் விழும். புறா மாடத்தைப் புதுப்பிக்கிறேன் என்று அந்த வளையத்தின் அடிப்பகுதியைச் சரிவாகப் பூசி மூடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தரையில் சேரும் எச்சம் தோட்டத்துக்கும் சணலுக்கும் உயர்ந்த உரம். குத்தகைப் பத்திரங்களில் அதற்குத் தனி மதிப்பு இருந்தது.

கூரைக்கு வருவோம். தட்டோடு போட்ட நார்மன் கூரையின் சரிவு 45 பாகைக்கு மேல், பல இடங்களில் 50ஐத் தாண்டும். தட்டோடுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதில்லை. வெறுமனே ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். தண்ணீர் வேகமாக ஓடினால்தான் உள்ளே ஏறாது. 17 செ.மீ. அகலமும் 27 செ.மீ. நீளமும் உள்ள ஓட்டை எடுத்துக்கொண்டால், வெளியே தெரிவது மூன்றில் ஒரு பங்கு, அதாவது 9 செ.மீ. ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 65 ஓடுகள். எந்த இடத்திலும் மூன்று அடுக்கு இருக்கும். உடைசலுக்கு 5 முதல் 10 விழுக்காடு கூடுதலாக வாங்க வேண்டும். பழைய ஓட்டையும் புதிய ஓட்டையும் கலக்க நேர்ந்தால் கண்ணில் படும் பக்கத்தில் பழையதை வைத்து, மறைவான பக்கத்தை முழுதும் புதிதாகப் போடுவது நல்லது. கலந்து போட்டால் தடிமன் வேறுபாட்டால் ஓடு சரியாகப் படியாமல் எழும்பும்; காற்று புகுந்து தூக்கும்.

ஓட்டைத் தாங்கும் ஓக் மரச்சட்டத்தைப் பச்சை மரத்திலேயே வெட்டி இணைத்தார்கள். கழுந்தை (மரமுனையில் செதுக்கிய நாக்கை) துளையில் செருகி முளை அடிக்கும்போது, கழுந்தின் ஓட்டையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் துளைப்பார்கள். முளை வளைந்து உள்ளே போகும்போது இணைப்பை இறுக்கி இழுக்கும். மரம் காய்ந்து சுருங்கினாலும் தளராது. முளையை அறுக்காமல் பிளந்து செய்ய வேண்டும், நார் முழுநீளம் ஓடினால்தான் வளையும். பழைய சட்டத்தில் ஒரு முளையைக் கழற்றி இரும்பு போல்ட் போடுபவர், அந்த இணைப்பின் மொத்த இழுவையையும் ஒரு சிறு துளையின் ஓரத்துக்கு மாற்றுகிறார். ஈர ஓக்கில் உள்ள அமிலம் இரும்பைத் தின்னும். ஒரு தலைமுறைக்குள் போல்ட்டைச் சுற்றி மரம் கறுத்துப் பொடியும். உத்தரத்தின் முனை சுவருக்குள் அழுகியிருந்தால் அழுகலை நல்ல மரம் வரும்வரை அறுத்தெடுத்து, அதே வகை ஓக்கில் புதிய முனை இணைப்பதே சரி. முனையைச் சுற்றி ஒரு விரல் அளவு காற்றிடம் விட வேண்டும். காரையால் அடைத்தால் மறுபடி அதே கதி.

பழுதுகளுக்கு வந்தால், முதல் எதிரி சிமெண்ட். இந்தச் சுவர்கள் தரையிலிருந்து ஈரத்தை இழுத்துச் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியே விடும். சிக்கிமுக்கி சுவாசிக்காது என்று மேலே சொன்னேன். ஆகவே வெளியேறும் வழி முழுக்க அந்தக் காரை இணைப்புகள்தான். அவற்றைச் சிமெண்டால் பூசினால் வாசலை அடைத்தது போல. ஈரம் உள்ளே திரும்பும், உள்பூச்சு உதிரும், உத்தர முனை நனையும். செங்கல் உள்ள இடத்தில் நிலை இன்னும் மோசம்: இறுகிய சிமெண்டுக்கும் மென்மையான செங்கல்லுக்கும் நடுவில் தேங்கும் நீர் குளிரில் உறைந்து செங்கல்லின் முகத்தை உரித்துவிடும். இணைப்பு முழுதாக முன்னே நிற்க, செங்கல் குழிந்து பின்னே போன சுவரைப் பார்த்தால் காரணம் இதுதான்.

சரியான வழி மெதுவானது. சிமெண்டை உளியால் கையாலேயே எடுக்க வேண்டும். சக்கர இயந்திரம் வைத்தால் கல்லின் ஓரம் போகும். இணைப்பை அதன் அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழமாவது, குறைந்தது 25 மி.மீ., சுரண்டித் தூசி போகக் கழுவ வேண்டும். கலவைக்கு இயற்கை நீரியல் சுண்ணாம்பு (தண்ணீரோடு சேர்ந்து இறுகும் வகை) 2 அல்லது 3.5 தரம் ஒரு பங்கு, மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. 5 தரம் பழைய சுவருக்கு மிகக் கடினம். மணல் கழுவியதாக, பல அளவுத் துகள் கலந்ததாக இருக்க வேண்டும். கடல் மணல் ஆகவே ஆகாது. செங்கல் பகுதியை நன்றாக நனைக்கலாம், சிக்கிமுக்கிப் பகுதியில் பழைய காரை மட்டும் ஈரமானால் போதும். கல்லில் தண்ணீர் நின்றால் புதுக்காரை வழுக்கும். பூசிய பிறகு சில நாட்கள் ஈரச் சாக்கு போட்டு வெயிலும் காற்றும் படாமல் காக்க வேண்டும். வெப்பம் 5 பாகைக்குக் கீழே போகும் காலத்தில் தொடவே கூடாது. நார்மண்டியில் செப்டம்பர் முடிந்தபின் சுண்ணாம்பு வேலை தொடங்குவது சூதாட்டம். காரை இறுகுமுன் உறைபனி வந்தால் வசந்தத்தில் பொடியாக உதிரும்.

இரண்டாவது பழுது, சுவர் வயிறு தள்ளுவது. வெளித்தோல் நடுக்கட்டிலிருந்து பிரிந்து புடைக்கும். பெரும்பாலும் மேலிருந்து மழைநீர் சுவருக்குள் இறங்கி நடுவிலுள்ள காரையைக் கரைத்ததே காரணம். எனவே முதலில் பார்க்க வேண்டியது கூரை ஓரமும் சுவர்த் தலையும். மரச் சுத்தியலால் தட்டினால் பிரிந்த இடம் பொள்ளென ஒலிக்கும். நீண்ட நேர்சட்டத்தையும் தூக்குக்குண்டையும் வைத்துப் புடைப்பை அளந்து, சில மாதம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும்; நகர்வு நின்றுவிட்டதா, தொடர்கிறதா என்பதைப் பொறுத்தே சிகிச்சை. நின்றிருந்தால் நீர்த்த சுண்ணாம்புக் குழம்பைக் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, துருவேறாத எஃகுக் கம்பியால் இரு தோலையும் பிணைக்கலாம். ஒரேயடியாக நிரப்பினால் குழம்பின் அழுத்தமே தோலைத் தள்ளிச் சாய்த்துவிடும். தொடர்ந்தால் அந்தப் பகுதியைப் படமெடுத்து, கற்களுக்கு எண்ணிட்டு, பிரித்துக் கட்ட வேண்டும். ஆங்கோ புறா மாடம் போன்ற கோலச் சுவரில் எண்ணிடாமல் பிரித்தால் மீண்டும் அதே ஒழுங்கு வராது.

மூன்றாவது, மெருல் என்னும் பூஞ்சை. ஈரமும் இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் மரத்தைத் தின்று, காரையைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்கும் போகும். நார்மண்டியிலும் அதை அடுத்த பிரெத்தாஞ் (பிரிட்டனி) வட்டாரத்திலும் இது பரவலான தொல்லை. 2014 முதல் சட்டப்படி இதைக் கண்டவர் ஊர் மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டாமல் வைத்திருந்தால் அது வேர்கொள்ளாது. மூடிக்கிடக்கும் வீட்டுக்கு ஜன்னல் திறந்து காற்று விடும் ஆள்தான் மலிவான மருந்து. சுவரைச் சுற்றி வடிகால் தோண்டுவோருக்கு ஒரு வார்த்தை: இந்த வீடுகளின் அஸ்திவாரம் ஆழமில்லாதது. சுவரை ஒட்டி அதற்குக் கீழே தோண்டினால் காய்ந்த வீடு கிடைக்காது, விரிசல் விட்ட வீடு கிடைக்கும். சற்றுத் தள்ளி, அஸ்திவார அடிமட்டத்துக்கு மேலேயே நிறுத்த வேண்டும்.

ஆங்கோ மன்வாரில் எதையும் உரிமையாளர் தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. 1862 பட்டியலிலேயே அது வரலாற்றுச் சின்னமாக வகைப்படுத்தப்பட்டது. இன்றைய பாதுகாப்பின் அடிப்படை 1913 டிசம்பர் 31ஆம் தேதிச் சட்டம். அதில் இரண்டு நிலை உண்டு: ‘வகைப்படுத்தியது’ உயர்ந்தது, ஒவ்வொரு வேலைக்கும் முன் அனுமதி வேண்டும், ‘பதிவுசெய்தது’ அடுத்தது. 1943 சட்டத்தால் சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் அதனோடு சேர்ந்து கண்ணில் படும் பிற கட்டடங்களின் மாற்றத்துக்கும் அரசுக் கட்டடக்கலைஞரின் பார்வை தேவைப்படுகிறது. மன்வார் நெடுங்காலம் பண்ணையாகவே பயன்பட்டது. அதனால் சில சேதம் நேர்ந்தாலும், புதுப் பாணிக்கு ஏற்ப யாரும் இடித்து மாற்றவில்லை என்பது நம் நற்பேறு.

இன்றும் அது தனியார் சொத்து. பருவகாலத்தில் பார்வையாளருக்குத் திறக்கிறார்கள், திறக்கும் மாதங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் புறா மாடச் சுவரில் உடைத்த சிக்கிமுக்கி மின்னுவதையும், செங்கல் பட்டைகள் எந்த உயரத்துக்கு ஒருமுறை வருகின்றன என்பதையும் தெளிவாகக் காணலாம். அன்றைக்கே தியெப்புக்குப் போய் சென்-ழாக் தேவாலயத்தையும் பாருங்கள். ஆங்கோ அடக்கமானது அங்கேதான். அதே தேவாலயத்தில் பிரேசில் முதலிய தூரதேச மக்களைச் செதுக்கிய ஒரு கல் வரிசை இருக்கிறது. தியெப் மாலுமிகள் கண்டு வந்து சொன்ன உலகம் அது. நகரில் ஆங்கோவுக்கு மரத்தால் ஆன இன்னொரு மாளிகை இருந்தது. 1694இல் ஆங்கிலேய, டச்சுக் கப்பல்கள் தியெப்பைக் குண்டுவீசி எரித்தபோது அது சாம்பலானது.